ஆதரவை எங்கே வைத்து எண்ணுவது?

வாசகர் கேள்வி, 12 ஜூலை 2024

"சுதந்திரம் வாங்கி 60 வருஷத்துக்கு மேல் ஒழுங்காக ஓடிய நாடாளுமன்ற ஜனநாயகம் நம் மலேசியாவுடையது. 2020-இல் ஒரே வாரத்தில் அது உடைந்துவிட்டது என்று பலரும் எழுதுகிறார்கள். அப்படி என்ன மாறிவிட்டது? பிரதமர் மாறினார், அவ்வளவுதானே. மாமன்னர் இருக்கிறார், மக்களவை இருக்கிறது, தேர்தலும் நடந்தது. மறுப்பவர்கள் சொல்லுங்கள்."

12 ஜூலை 2024, இரவு 10.15

நான் மறுக்கிறேன். பிரதமர் மாறுவது இந்த முறையில் சகஜம். ஆதரவை எண்ணுகிற இடம் அவையை விட்டு வெளியே போய்விட்டது, என் கவலை அதுதான்.

அரசியலமைப்பின் 43-ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள். மக்களவையில் பெரும்பான்மையோரின் நம்பிக்கை யாருக்கு இருக்கும் என்று மாமன்னர் கருதுகிறாரோ அவரைப் பிரதமராக நியமிக்க வேண்டும். அந்த நம்பிக்கையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அதில் எழுதவில்லை. எழுதத் தேவையும் வரவில்லை, ஏனென்றால் 2018 வரைக்கும் ஒவ்வொரு தேர்தல் இரவிலும் யாருக்குப் பெரும்பான்மை என்பது தொலைக்காட்சியிலேயே தெரிந்துவிடும்.

2020 பிப்ரவரி 23, ஞாயிறு, பெட்டாலிங் ஜெயா ஷெரட்டன் ஹோட்டலில் கூட்டம்: ஆளும் கூட்டணியின் ஒரு பகுதி எதிர்த்தரப்போடு சேர்ந்து புது அரசு அமைக்கப் பேசியது. 24-ஆம் தேதி பிரதமர் மகாதீர் பதவி விலகினார். 25, 26 இரண்டு நாளும் மக்களவை உறுப்பினர்களை அரண்மனைக்கு அழைத்து மாமன்னர் நேரில் கேட்டார். 29-ஆம் தேதி புதிய பிரதமராக முஹிடின் பெயர் அறிவிக்கப்பட்டது, மார்ச் 1 பதவியேற்பு. மாமன்னர் தன் கடமையைப் பொறுமையாகத்தான் செய்தார், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் என் தொகுதி உறுப்பினர் அரண்மனை அறையில் என்ன சொன்னார் என்று எனக்கு இன்று வரை தெரியாது. அவையில் எழுந்து நின்று சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும்.

அப்புறம் மே 18. மகாதீர் கொடுத்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைச் சபாநாயகர் ஏற்றிருந்தார். அன்றைய கூட்டத்தை மாமன்னர் உரையோடு முடித்துவிட்டார்கள். கோவிட் காலம் என்பது காரணம். எண்ணவே இல்லை.

13 ஜூலை 2024, காலை 7.50

நேற்றுப் படுத்த பிறகும் இதே யோசனை. நான் ஏன் "எண்ணுகிற இடம்" என்று பிடித்துக்கொண்டு பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

2018 மே 9 இரவு நான் பினாங்கு பெருநிலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கட்சி முகவராக உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கிடைத்தது 1-ஆம் சாலுரான், அதாவது அந்த வட்டாரத்தின் மூத்தவர்கள் ஓட்டுப் போட்ட வகுப்பறை. (சாலுரான் வயது வாரியாகப் பிரிக்கப்படும், கடைசி எண்ணில்தான் இளசுகள்.) சின்னப் பிள்ளைகளின் நாற்காலிகள். முழங்கால் மேசையில் இடிக்கும். சுவரில் வாய்ப்பாடு ஒட்டியிருந்தது. ஐந்து மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். பெட்டியின் முத்திரையை எல்லாரிடமும் காட்டிவிட்டு உடைத்தார்கள். அதிகாரி ஒவ்வொரு சீட்டாக விரித்து, எங்கள் பக்கம் தூக்கிக் காட்டி, பெயர் சொல்லி, அந்தந்த வேட்பாளரின் கட்டோடு சேர்த்தார். ஒரு சீட்டில் பெருக்கல் குறி பாதி கட்டத்துக்கு வெளியே போயிருந்தது. அந்த ஒரே சீட்டுக்கு எதிர்க்கட்சி முகவரும் நானும் பத்து நிமிஷம் பேசினோம். கை நடுங்கி யாரோ ஒரு தாத்தாவோ பாட்டியோ போட்ட குறி. கடைசியில் செல்லும் என்று முடிவானது. அது எங்களுக்கு விழுந்த ஓட்டு இல்லை, இருந்தாலும் செல்லும் என்றுதான் நானும் சொன்னேன்.

பிறகு பாரம் 14, அந்த வகுப்பறையின் முடிவு எழுதும் தாள். அதில் கையெழுத்து வாங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். காரணம் யாரும் சொல்லவில்லை. வாங்கியதும் முதல் வேலையாகக் கைப்பேசியில் படம் எடுத்தேன், இன்னும் வைத்திருக்கிறேன்.

ஒரு பாட்டியின் ஒரு சீட்டுக்கு இவ்வளவு கவனம். ஆனால் ஆயிரமாயிரம் சீட்டுகளால் உள்ளே போன ஒரு உறுப்பினர், தன் ஆதரவை யாரும் பார்க்காத அறையில் மாற்றிக்கொள்ளலாம் என்றால் மனசு ஆறவில்லை.

13 ஜூலை 2024, மதியம்

நான் உணர்ச்சிவசப்படுகிறேன் என்று எழுதிய கிள்ளான் தம்பிக்கு: ஆமாம்.

16 ஜூலை 2024

ஒரு திருத்தம், என் தவறு. "எண்ணவே இல்லை" என்று எழுதியது சரியில்லை. ஈப்போ அண்ணன் சுட்டிக்காட்டினார், நன்றி அண்ணா.

நேரடி நம்பிக்கை வாக்கெடுப்பு நடக்கவில்லை. ஆனால் சுற்றி வளைத்து எண்ணினார்கள். 2020 ஜூலை 13 அன்று சபாநாயகர் முகமட் அரிப்பை நீக்க அரசு கொண்டுவந்த தீர்மானத்துக்கு 111 ஆதரவு, 109 எதிர்ப்பு. டிசம்பர் 15 அன்று வரவுசெலவுத் திட்டத்தின் இறுதி வாக்கெடுப்பு 111க்கு 108. ஆக, அரசு அவையில் மூன்று ஓட்டில் நின்றது என்பது பகிரங்கமாகவே தெரிந்தது.

தெரிந்து என்ன ஆனது? அடுத்த மாதமே, அரசைத் தாங்கிய அம்னோ கட்சியின் உறுப்பினர்கள் ஆதரவை விலக்கத் தொடங்கினார்கள், 2021 ஜனவரி 12 அன்று அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டு 1 வரை. நாடாளுமன்றம் கூடாது, தேர்தல் கிடையாது, அவசரகாலச் சட்டங்களை அவையின் ஒப்புதல் இல்லாமலே போடலாம். நோய்த்தொற்று உண்மை, மருத்துவமனைகள் நிரம்பி வழிந்ததும் உண்மை, என் சின்னம்மாவை அந்த மாதங்களில்தான் இழந்தோம். அதனால் இதை எளிதாகப் பேச எனக்கு வராது. ஆனாலும் நாடு முழுக்க அவசரகாலம் போடாமலே 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டை நடத்திக் காட்டிய அதே அரசுக்கு, மூன்று ஓட்டுப் பெரும்பான்மை ஆட்டம் கண்ட வாரத்தில் அவசரகாலம் தேவைப்பட்டது என்பதை நான் மறக்க மாட்டேன்.

18 ஜூலை 2024, இரவு

பேராக் மாநிலத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்கு 2020-ஐ விட 2009 முக்கியம் என்று இப்போது தோன்றுகிறது.

2008 தேர்தலில் பேராக்கில் 59 இடங்களில் எதிர்க்கட்சிகளின் மக்கள் கூட்டணிக்கு 31, நாட்டை ஆண்ட தேசிய முன்னணிக்கு 28. 2009 பிப்ரவரியில் மக்கள் கூட்டணியின் மூன்று பேர் வெளியே வந்து தேசிய முன்னணியை ஆதரிக்கிறோம் என்றார்கள். மந்திரி புசார் (மாநில முதல்வர்) நிஜார் சட்டமன்றத்தைக் கலைக்கக் கேட்டார், சுல்தான் மறுத்தார், தேசிய முன்னணியின் ஸாம்ரி மந்திரி புசாராகப் பதவியேற்றார். சட்டமன்றத்தில் ஓட்டெடுப்பு இல்லை.

மார்ச் 3 அன்று சட்டமன்றக் கட்டடத்துக்குள் போக முடியாமல், சபாநாயகர் சிவகுமார் பக்கத்தில் ஒரு மரத்தடியில் அவையைக் கூட்டினார். மே 7 அன்று அவரை இருக்கையிலிருந்து வலுக்கட்டாயமாக வெளியேற்றினார்கள். ஒரு தமிழர், சபாநாயகர் அங்கியோடு, காவலர்கள் கையில். எங்கள் வீட்டில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த மரத்தை ஈப்போ போகும்போதெல்லாம் பார்த்துவிட்டுத்தான் வருவோம்.

2010 பிப்ரவரியில் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம், ஸாம்ரிதான் முறையான மந்திரி புசார் என்று தீர்ப்பளித்தது. பெரும்பான்மை போய்விட்டதா என்பதை அவையில் ஓட்டெடுப்பு நடத்தித்தான் அறிய வேண்டும் என்பதில்லை, வேறு வழிகளிலும் அறியலாம் என்றது. 2020-இன் கதவு அன்றே திறந்துவிட்டது. நாம் பேராக் விவகாரம் என்று பார்த்துவிட்டு நகர்ந்தோம்.

21 ஜூலை 2024

"1966-ஐ விட்டுவிட்டீர்களே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். விடவில்லை, எனக்கு முழுசாகத் தெரியாமல் இருந்தது. இரண்டு நாள் படித்துவிட்டு எழுதுகிறேன்.

சரவாக் மாநிலம். முதலமைச்சர் ஸ்டீபன் காலோங் நிங்கான். அவருக்கு ஆதரவில்லை என்று 42 உறுப்பினர்களில் 21 பேர் ஆளுநருக்குக் கடிதம் கொடுத்தார்கள், ஆளுநர் அவரை நீக்கினார். நிங்கான் வழக்குப் போட்டார். 1966 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது: நம்பிக்கை இல்லை என்பதைச் சட்டமன்றத்தில் வாக்கெடுத்துத்தான் காட்ட வேண்டும், கடிதம் போதாது. நான் இத்தனை நாளாகச் சொல்வதை ஒரு நீதிபதி நான் பிறக்கும் முன்பே எழுதி வைத்துவிட்டார்!

அதோடு முடியவில்லை. ஒரு வாரத்துக்குள் மத்திய அரசு சரவாக்கில் அவசரகாலம் கொண்டுவந்தது. அரசியலமைப்பைத் திருத்தி, ஆளுநரே சட்டமன்றத்தைக் கூட்டலாம் என்றாக்கியது. அவை கூடியது, ஓட்டெடுப்பு நடந்தது, நிங்கான் போனார்.

இது என் வாதத்தைக் கொஞ்சம் ஆட்டிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். அவையில் எண்ணினார்கள்தான். ஆனால் அவையைக் கூட்டும் சாவி வேறு கைக்குப் போன பிறகு எண்ணினார்கள். அப்படியென்றால் எங்கே எண்ணுவது என்பதோடு, யார் எப்போது கூட்டுவது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 2020 மே 18-உம், 2021-இன் ஏழு மாதமும் அந்தக் கேள்விதானே.

24 ஜூலை 2024

கேள்வி கேட்ட நண்பர் "60 வருஷம் ஒழுங்காக ஓடியது" என்கிறாரே, அந்த ஒழுங்கே ஒரு நெருக்கடி பெற்ற பிள்ளை.

1969 மே 10 தேர்தல். பினாங்கு மாநிலம் அன்றைய எதிர்க்கட்சியான கெராக்கான் கைக்குப் போனது. மே 13 கோலாலம்பூரில் கலவரம், 15 அன்று அவசரகாலம். துணைப் பிரதமர் துன் ரசாக் தலைமையில் தேசிய நடவடிக்கை மன்றம் நாட்டை நடத்தியது. நாடாளுமன்றம் மறுபடி கூடியது 1971 பிப்ரவரி 20 அன்றுதான். கூடியதும் அரசியலமைப்பைத் திருத்தினார்கள். குடியுரிமை, தேசிய மொழி, மலாய்க்காரர்களின் சிறப்பு நிலை, சுல்தான்களின் இறையாண்மை போன்றவற்றைக் கேள்வி கேட்டால் அவைக்குள்ளேயே பேசினாலும் வழக்குப் போடலாம் என்றானது. அடுத்த வருஷம் கெராக்கான் ஆளுங்கட்சியோடு சேர்ந்தது, 1974-இல் தேசிய முன்னணியாகத் தேர்தலுக்கு வந்தார்கள். எதிர்க்கட்சிகளை உள்ளே இழுத்துக்கொண்ட பெரிய குடை அது. 2008 வரை மூன்றில் இரண்டு பங்கு குறையவே இல்லை.

அப்பா பட்டர்வொர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அந்த ஊரடங்கில் கடை திறக்காமல், கையில் இருந்த பழைய நோட்டை 85 காசுக்குத்தான் எடுத்துக்கொள்வேன் என்று அரிசிக்கடைக்காரர் சொன்னதைச் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

27 ஜூலை 2024

மேலே அப்பாவைப் பற்றி எழுதியதைத் திருத்துகிறேன். அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். 78 வயது, ஞாபகம் கத்தி மாதிரி. "ஏம்மா, அது 69 இல்லை. அது ஹர்த்தால்" என்றார்.

அத்தை சொன்னதுதான் சரி. 1967 நவம்பரில் இங்கிலாந்து பவுண்டு மதிப்பு இறங்கியபோது பழைய மலாயா வெள்ளியும், அதாவது அன்றைய டாலரும், 85 காசாக இறங்கியது. புது ரிங்கிட் இறங்கவில்லை. பழைய நோட்டைக் கையில் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் ஏழைகள்தான். நவம்பர் 24 அன்று பினாங்கில் கடையடைப்பு, அது கலவரமாகி ஊரடங்கு வந்தது. அப்பா இரண்டு ஊரடங்கையும் ஒன்றாக்கிவிட்டார். தாத்தாவிடம் 40 வெள்ளி பழைய நோட்டு இருந்ததாம், 34 ஆனது. ஆறு வெள்ளி போனதற்காகத் தாத்தா இரண்டு நாள் பேசவில்லை என்று அத்தை சொன்னார்.

1969-இல் பினாங்கு ஏன் அப்படி ஓட்டுப் போட்டது என்பதில் இந்த ஆறு வெள்ளிக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

3 ஆகஸ்டு 2024

சரி, தவளைகள் விஷயம். கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்துவிட்டதே, இன்னும் என்ன புலம்பல் என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

அது வந்ததே நெருக்கடியால்தான், அதை நான் மறைக்கவில்லை. முஹிடின் 2021 ஆகஸ்டு 16 விலகினார். இஸ்மாயில் சப்ரி 114 பேர் ஆதரவோடு பிரதமராக வந்தார். செப்டம்பர் 13 அன்று எதிர்க்கட்சியோடு ஒப்பந்தம் போட்டார். நம் நாட்டில் ஆளும் தரப்பும் எதிர்த்தரப்பும் இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. பலவீனமான அரசு என்பதால்தான் பேச வேண்டிவந்தது. 2022 ஜூலையில் 209 பேர் ஆதரித்துத் திருத்தம் நிறைவேறியது. ஆக, நெருக்கடி கெடுத்தது மட்டும்தான் என்று முதல் நாள் எழுதியிருந்தால் அதையும் மாற்றிக்கொள்கிறேன்.

இதற்கு முன் வழியே இல்லாமல் இருந்தது. கிளந்தானின் தாவல் தடை விதியை 1992-இல் நீதிமன்றம் செல்லாது என்றது, சங்கம் சேரும் உரிமைக்கு எதிரானது என்று. எங்கள் பினாங்கு 2012-இல் மாநில அரசியலமைப்பில் ஒரு விதி போட்டது. 2022-இல்தான் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லும் என்றது. 2023 மார்ச்சில் நான்கு இடங்கள் காலி என்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது.

ஆனால் சட்டத்தைப் பக்கம் பக்கமாகப் படித்துப் பாருங்கள். கட்சி நீக்கினால் இடம் போகாது. ஒரு கட்சியே கூண்டோடு கூட்டணி மாறினாலும் போகாது. 2020-இல் நடந்தது என்ன? முஹிடினின் பெர்சத்து, கட்சியாகவே ஆளும் கூட்டணியை விட்டு வெளியேறியது. அதே கூட்டணியில் இருந்த, அன்வார் தலைமையிலான கெஅடிலான் கட்சியின் துணைத் தலைவர் அஸ்மின் அன்றே நீக்கப்பட்டார். இன்றைய சட்டம் அன்று இருந்திருந்தாலும் ஷெரட்டன் நகர்வின் பெரும்பகுதி அப்படியே நடந்திருக்கும். இப்போது பாருங்கள், பெர்சத்துவின் ஆறு பேர் கட்சியை விட்டு விலகாமலே பிரதமர் அன்வாரை ஆதரிக்கிறார்கள். கட்சி தன் விதியைத் திருத்தி இடங்களைக் காலியாக்கக் கேட்டது. சபாநாயகர் போன மாதம்தான் காலி இல்லை என்றார். அவர்கள் ஆதரிப்பது நான் ஓட்டுப் போட்ட பக்கத்தை. எனக்கு வசதியான தாவல் என்பதற்காக அதைச் சரி என்று சொல்ல மாட்டேன்.

4 ஆகஸ்டு 2024

தமிழ்நாட்டை இழுத்தவருக்கு: கூவத்தூரைச் சொன்னீர்கள், நல்ல உதாரணம், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். 2017 பிப்ரவரியில் உறுப்பினர்களைக் கடற்கரை விடுதியில் வைத்தார்கள், சரி. எடப்பாடி பழனிசாமி பிறகு சட்டமன்றத்தில் நம்பிக்கை வாக்குக் கோரியாக வேண்டியிருந்தது. பிப்ரவரி 18, சட்டை கிழிந்த கூச்சல் குழப்பத்தோடு, 122க்கு 11. அசிங்கமாக இருந்தது, ஆனால் அவைக்குள் எண்ணப்பட்டது. 1994-இல் இந்திய உச்ச நீதிமன்றம் பொம்மை வழக்கில், பெரும்பான்மையைச் சோதிக்கும் இடம் அவைதான் என்று சொல்லிவிட்டது. விடுதி இரண்டு நாட்டிலும் உண்டு, அப்படி நிலைத்து நின்ற தீர்ப்பு நம்மிடம் இல்லை.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். 2022 தேர்தலில் பெரும்பான்மைக்கு வேண்டிய 112 இடம் யாருக்கும் கிடைக்காமல், அன்வார் பதவியேற்ற பிறகு டிசம்பர் 19 அன்று அவையில் நம்பிக்கைத் தீர்மானம் கொண்டுவந்தார். குரல் வாக்கெடுப்பு. எனக்குத் தலையெண்ணிக்கைதான் வேண்டியிருந்தது. ஆனாலும் அவைக்கு வந்தது.

31 ஆகஸ்டு 2024

சுதந்திர தினம். காலையில் கொடி கட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

"நமக்கென்ன, அது மலாய்த் தலைவர்கள் சண்டை" என்று இந்த இழையில் மூன்று பேர் எழுதிவிட்டார்கள். என் பதில் கொஞ்சம் நீளம்.

222 தொகுதிகளில் இந்தியர் பெரும்பான்மையான தொகுதி ஒன்றுகூட இல்லை. எங்கேயும் நாம் தனியாக யாரையும் ஜெயிக்க வைக்க முடியாது. எண்ணும்போது மட்டும்தான் நமக்குப் பலம். இரண்டு பக்கமும் நெருங்கி நிற்கும் இடத்தில் நம் சீட்டு எந்தக் கட்டோடு சேருகிறது என்பதை எல்லாரும் கவனிப்பார்கள்.

2007 நவம்பர் 25 அன்று என் அண்ணன் இரவுப் பேருந்து ஏறிக் கோலாலம்பூர் போனார். இந்தியர் உரிமைக்கான ஹிண்ட்ராஃப் பேரணி. ஜாலான் அம்பாங் பக்கம் கண்ணீர்ப்புகையில் மாட்டி, ஈரத் துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு ஒரு சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாராம். ஒரு சீனப் பாட்டி வீட்டுக் கதவைத் திறந்து குழாயடியில் முகம் கழுவவிட்டிருக்கிறார். திரும்பி வந்தவர் மூன்று மாதத்தில் 2008 மார்ச் 8 அன்று ஓட்டுப் போட்டார். தேசிய முன்னணிக்கு மூன்றில் இரண்டு பங்கு போனது, பினாங்கு கைமாறியது, ஒரு தமிழர் இங்கே இரண்டாவது துணை முதலமைச்சர் ஆனார். தெருவில் நின்றவர்களின் கோபம் பெட்டிக்குள் போய், எண்ணப்பட்டு, வெளியே வந்தது.

ஹோட்டலுக்கும் அரண்மனைக்கும் எண்ணிக்கை நகர்ந்தால் முதலில் காணாமல் போவது நம் ஓட்டுதான். அங்கே யாரும் 1-ஆம் சாலுரானின் பாட்டி என்ன போட்டார் என்று பார்ப்பதில்லை. அதனால் இது என் சண்டை, உங்கள் சண்டையும்கூட.

9 மார்ச் 2025

ஆறு மாதம் கழித்து வருகிறேன், வேலை.

நாடாளுமன்றச் சேவைச் சட்ட மசோதா இந்த மாதம் மக்களவையில் நிறைவேறியிருக்கிறது. 1963-இல் இருந்த சட்டத்தை 1992-இல் ரத்து செய்தார்கள், அதன் பிறகு அவையின் ஊழியர்கள் எல்லாரும் அரசாங்கப் பொதுச் சேவைக்குக் கீழே போய்விட்டார்கள். இனி அவை தன் ஆட்களைத் தானே வைத்துக்கொள்ளும். இது அவையை யார் கூட்டுவது என்ற என் ஜூலை 21 கேள்விக்குப் பதில் இல்லை. பிரதமரின் ஆலோசனை இல்லாமல் அவை கூடாது, அது அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் 33 வருஷத்துக்குப் பிறகு ஒன்று திரும்பி வந்திருக்கிறது, குறித்து வைக்கிறேன்.

இன்னொன்று. மகள் 2022-இல் முதல் முறை ஓட்டுப் போட்டாள், 19 வயதில். 18 வயது ஓட்டுரிமையும் தானாகப் பெயர் சேர்வதும் வந்ததால் வாக்காளர் எண்ணிக்கை 2018-இன் 1 கோடியே 49 இலட்சத்திலிருந்து 2 கோடியே 11 இலட்சம் ஆன தேர்தல் அது. அடுத்த முறை முகவராக உட்காருகிறேன் என்கிறாள். கடைசி சாலுரான்தான் வேண்டுமாம். நேற்று இரவு கைப்பேசியில் அந்தப் பாரம் 14 படத்தை எடுத்துக் காட்டினேன். செல்லாத சீட்டு எந்த வரியில், பெட்டிக்குள் போடாமல் போன சீட்டு எந்த வரியில், கூட்டினால் எது எதோடு பொருந்த வேண்டும் என்று விரலால் தொட்டுத் தொட்டுக் கேட்டாள். நான்காவது வரியில் என் விரல் நிழல் விழுந்திருக்கிறது, எண் சரியாகத் தெரியவில்லை. அடுத்த முறை இரண்டு படம் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.